குவாண்டம் டோமோகிராபியில் எதிர்மறை ஐகன் மதிப்பு வந்தால் கணக்கு தப்பா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வரும்: "அளந்தால் குவாண்டம் நிலை கலைந்துவிடும், தெரியாத நிலையை அறியவே முடியாது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. ஆய்வுக் கட்டுரைகளிலோ நிலையை முழுதாகக் கண்டுபிடித்துத் தூண் படமாகவே போட்டிருக்கிறார்கள். எது சரி? நானும் இணைய வழியாகக் கிடைக்கும் ஒரு குவாண்டம் கணினியில் இரண்டு கியூபிட் பெல் நிலையைத் தயாரித்தேன். ஒன்பது அமைப்புகளில் தலா 1000 முறை அளந்து அடர்த்தி அணியைக் கணக்கிட்டேன். ஒரு ஐகன் மதிப்பு −0.02 என்று வருகிறது. நிகழ்தகவு எப்படி எதிர்மறையாகும்? என் நிரலில் தப்பா?"

சொற்களை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். கியூபிட் என்பது அளந்தால் 0 அல்லது 1 என்று விடை தரும் குவாண்டம் பொருள். பெல் நிலை என்பது இரண்டு கியூபிட்கள் பின்னிக் கிடக்கும், அதாவது ஒன்றின் விடை மற்றதன் விடையோடு பிணைந்திருக்கும் நிலை. அமைப்பு என்பது ஒவ்வொரு கியூபிட்டையும் எந்தத் திசையில் அளக்கிறோம் என்ற தேர்வு. அடர்த்தி அணி என்பது நிலையை எழுதும் எண்களின் கட்டம்; தூண் படம் அந்த எண்களைத் தூண்களின் உயரமாகக் காட்டும். ஐகன் மதிப்புகள் அந்த அணியிலிருந்து கிடைக்கும், நிகழ்தகவாக இருக்க வேண்டிய எண்கள்.

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இரண்டாவதுதான் உங்களை உறுத்துகிறது, ஆனால் முதலாவது தெளிவானால்தான் அது பிடிபடும். இப்போதைக்கு ஒன்று மட்டும்: அந்த −0.02-ஐப் பார்த்து நிரலைக் கலைத்துப்போட வேண்டாம். ஒளித்துகள் ஜோடிகளை வைத்து இந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். எதிர்மறை ஐகன் மதிப்பே வராத கச்சாத் தரவைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

முதலில் பாடப்புத்தகம் சொல்வது. அது சரிதான். உங்கள் கையில் ஒரே ஒரு கியூபிட் இருக்கிறது, அது எந்த நிலையில் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை என்றால், அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. ஒரு திசையில் அளந்தால் 0 அல்லது 1 என்று ஒரே ஒரு விடை கிடைக்கும். அதற்குப் பிறகு பழைய நிலை அங்கே இல்லை. சரி, அளப்பதற்கு முன் பத்து நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்றால் அதுவும் நடக்காது. தெரியாத நிலையைப் பிசகில்லாமல் நகலெடுக்க முடியாது என்பதை 1982-இல் வூட்டர்ஸும் ஸூரெக்கும் ஒரு கட்டுரையிலும், டீக்ஸ் தனியாக இன்னொன்றிலும் நிறுவினார்கள். குவாண்டம் இயக்கவியல் நேரியலாக இருப்பதிலிருந்தே நேராக வரும் முடிவு அது. எவ்வளவு நல்ல கருவி கிடைத்தாலும் மாறப்போவதில்லை.

இந்தத் தடை எவ்வளவு கடுமையானது என்பதற்கு ஓர் எண்ணும் இருக்கிறது. ஒரு தூய, அதாவது வேறு நிலைகளின் கலப்பில்லாத, கியூபிட் நிலையின் N பிரதிகளை யாரோ கொடுக்கிறார்கள், அது எந்தத் திசையில் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். ஆகச் சிறந்த அளவீட்டைச் செய்து, ஆகச் சிறந்த ஊகத்தைச் சொன்னாலும், ஊகம் உண்மையோடு ஒத்துப்போகும் அளவு, அதாவது ஃபிடெலிட்டி, சராசரியாக (N+1)/(N+2)-ஐத் தாண்டாது. 1995-இல் மாசாரும் போபெஸ்குவும் காட்டியது இது. ஒரு பிரதி மட்டும் இருந்தால் 2/3. அளக்காமல் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 1/2 வரும் என்பதால், ஒரு பிரதியால் கிடைக்கும் லாபம் கொஞ்சம்தான். பத்துப் பிரதிக்கு 11/12. 0.99-ஐத் தொட 98 பிரதிகள் வேண்டும். எத்தனை பிரதி கொடுத்தாலும் 1-ஐ நெருங்கலாமே தவிர எட்ட முடியாது.

ஆகவே, கட்டுரைகளில் தூண் படம் போடுகிறவர்கள் அளப்பது ஒற்றைத் துகளின் நிலையை அல்ல. ஒரு தயாரிப்பு முறையை அளக்கிறார்கள். ஒரே கருவி, ஒரே அமைப்பு, ஒரே வரிசையில் லேசர் துடிப்புகள் அல்லது மைக்ரோவேவ் துடிப்புகள். இதைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய பிரதி வெளியே வரும். ஒவ்வொன்றையும் ஒருமுறை அளந்து கலைத்துவிட்டு அடுத்ததற்குப் போகிறோம். ஒரு நாணயம் ஒரு பக்கம் சாய்ந்ததா என்பது ஒரே சுண்டலில் தெரியாது, ஆயிரம் முறை சுண்டினால் தெரியும், இதுவும் அப்படித்தான். நாணயத்துக்கு ஓர் எண் போதும். குவாண்டம் நிலைக்கு வெவ்வேறு திசைகளில் அளந்த பல எண்கள் வேண்டும், அவற்றை ஒன்றாகச் சேர்த்து ஒரு நிலையாக எழுதவும் வேண்டும். அந்தச் சேர்க்கும் வேலையைத்தான் குவாண்டம் டோமோகிராபி என்கிறோம். பாடப்புத்தகத்துக்கும் கட்டுரைக்கும் இடையே முரண் இல்லை. ஒன்று தனிப் பிரதியைப் பற்றிப் பேசுகிறது, மற்றது அதைத் தரும் தயாரிப்பைப் பற்றி.

எத்தனை திசைகளில் அளந்தால் போதும்? ஒரு கியூபிட்டுக்கு மூன்று: எக்ஸ், ஒய், இசட். குவாண்டம் இயக்கவியல் பிறக்கும் முன்பே, 1852-இல், ஜார்ஜ் ஸ்டோக்ஸ் ஒளியின் தளவிளைவை (ஒளி அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பதை) முழுமையாக விவரிக்க நான்கு எண்கள் போதும் என்று காட்டியிருந்தார். மொத்தச் செறிவு ஒன்று, மீதி மூன்றும் மூன்று வகை அளவீடுகளின் வித்தியாசங்கள். ஒற்றை ஒளித்துகளின் தளவிளைவை இன்று அளக்கும்போதும் அதே மூன்று எண்களைத்தான் தேடுகிறோம்.

மூன்றில் ஒன்றை விட்டால் என்ன ஆகும் என்பது முக்கியம், ஏனென்றால் பலர் சறுக்குவது இங்கேதான். 1933-இல் இயற்பியலாளர் பாலி ஒரு கேள்வி எழுப்பினார்: ஒரு துகளின் இடப் பரவலும் உந்தப் பரவலும் தெரிந்தால் அதன் அலைச்சார்பு, அதாவது அதன் நிலை, தீர்மானமாகிவிடுமா? ஆகாது. விரிந்துகொண்டு போகும், மணி வடிவிலான காஸியன் அலைப்பொதியையும், அதன் கண்ணாடிப் பிம்பம் போலச் சுருங்கிக்கொண்டு வரும் அலைப்பொதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். பொருத்தமான ஒரு கணத்தில் இரண்டுக்கும் இடப் பரவல் ஒன்றே, உந்தப் பரவலும் ஒன்றே. நிலைகள் மட்டும் வேறு. கியூபிட்டிலும் இதே கதைதான். எக்ஸ், இசட் இரண்டை மட்டும் அளந்தால், நிலை தூயது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தாலும் ஒய் திசையில் அது கூட்டலா கழித்தலா என்பது தெரியாது. எந்தெந்த அளவீடுகள் சேர்ந்தால் நிலை ஒன்றேயொன்றாகத் தீர்மானமாகுமோ அந்தத் தொகுதிக்கு, கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கையைக் குறிக்கும் 'கோரம்' என்ற சொல்லையே இத்துறையில் பயன்படுத்துகிறார்கள். தொடர்மாறிகளுக்கான (0, 1 என்றில்லாமல் எந்த எண்ணும் விடையாக வரக்கூடிய அளவுகளுக்கான) கோரத்தை 1989-இல் வோகலும் ரிஸ்கனும் தெளிவாகக் காட்டினார்கள்: ஒளியின் மின்புலத்தை எல்லாக் கட்டக் கோணங்களிலும் அளந்தால், சிடி ஸ்கேனில் பல கோண நிழல்களிலிருந்து உட்தோற்றத்தைக் கட்டும் அதே ரேடான் உருமாற்றத்தின் மூலம் விக்னர் சார்பை, அதாவது இடம், உந்தம் போன்ற இரு அளவுகளைச் சேர்த்து நிலையை வரைபடமாகக் காட்டும் சார்பை, கட்டிவிடலாம். 1993-இல் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் ஸ்மிதி, பெக், ரேமர், ஃபரிதானி நால்வரும் ஆய்வகத்தில் அதைச் செய்தும் காட்டினார்கள். டோமோகிராபி என்ற பெயர் இங்கே ஒட்டிக்கொண்டது அந்த உறவால்தான்.

இனி உங்கள் −0.02. இரண்டு கியூபிட்டில் அணி பெரிதாகிவிடும் என்பதால் ஒரு கியூபிட்டில் கையாலேயே போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு திசையிலும் 1000 முறை அளக்கிறோம். எக்ஸில் 0 என்பது 930 முறை, 1 என்பது 70 முறை. ஒய்யில் 770, 230. இசட்டில் 520, 480. வித்தியாசத்தை 1000-ஆல் வகுத்தால் மூன்று சராசரிகள்: 0.86, 0.54, 0.04. இந்த மூன்றும் ப்ளாக் கோளத்துக்குள் ஓர் அம்பின் ஆயத்தொலைவுகள். ப்ளாக் கோளம் என்பது கியூபிட் நிலைகளின் வரைபடம்: தூய நிலைகள் மேற்பரப்பில், மற்றவை உள்ளே. அம்பின் நீளத்தைப் பாருங்கள். 0.86-இன் வர்க்கம் 0.7396, 0.54-இன் வர்க்கம் 0.2916, 0.04-இன் வர்க்கம் 0.0016. கூட்டினால் 1.0328, வர்க்கமூலம் ஏறத்தாழ 1.016. கோளத்தின் ஆரம் 1. அம்பு கோளத்தைத் தாண்டி வெளியே நிற்கிறது. அடர்த்தி அணியின் ஐகன் மதிப்புகள் ஒன்றுடன் நீளத்தைக் கூட்டி அல்லது கழித்துப் பாதியாக்கினால் வருபவை. ஆகவே 1.008, −0.008. உங்களுக்கு வந்த அதே நோய், சிறிய அளவில்.

எங்கே தப்பு நடந்தது? எங்கேயும் இல்லை. 1000 முறை அளந்து எடுத்த சராசரியில் புள்ளியியல் ஏற்ற இறக்கம் இருந்தே தீரும். 0.86-க்கு அது ±0.016, 0.54-க்கு ±0.027, 0.04-க்கு ±0.032. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் அம்பின் நீளம் 1.016 ± 0.020. அதாவது 1 என்பது பிழை எல்லைக்குள்ளேயே இருக்கிறது. உண்மை நிலை தூய நிலைக்கு மிக அருகில், கோளத்தின் மேற்பரப்பை ஒட்டி இருக்கும்போது, ஏற்ற இறக்கம் பாதி நேரம் அம்பை உள்ளே தள்ளும், பாதி நேரம் வெளியே தள்ளும். வெளியே தள்ளும் ஒவ்வொரு முறையும் எதிர்மறை ஐகன் மதிப்பு வரும். மூன்று திசைகளையும் வெவ்வேறு பிரதிகளில் தனித்தனியாக அளந்தோம். மூன்றும் சேர்ந்து கோளத்துக்குள் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு அந்த எண்ணிக்கைகளுக்குத் தெரியாது.

இரண்டு கியூபிட்டில் இது இன்னும் சாதாரணம். ஏறக்குறைய தூய நிலை என்றால் நான்கு ஐகன் மதிப்புகளில் மூன்று பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். மூன்றையும் ஏற்ற இறக்கம் ஆட்டினால் அவற்றில் ஒன்றாவது கீழே போகாமல் இருப்பதுதான் அதிசயம். ஒன்பது அமைப்பு, தலா 1000 முறை, நல்ல பெல் நிலை என்றால் மிகச்சிறிய ஐகன் மதிப்பு −0.02 அளவில் வருவது எதிர்பார்க்க வேண்டியதே. நானே போட்டுப் பார்த்த கணக்கும் அதைத்தான் சொல்கிறது. −0.1 வந்திருந்தால் கதை வேறு. அப்போது தரவும் மாதிரியும் ஒத்துப்போகவில்லை என்று பொருள், எங்கேயோ குறி மாறியிருக்கிறது அல்லது கியூபிட் வரிசை மாறியிருக்கிறது என்று தேடத் தொடங்கலாம்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன், மாணவர்கள் அடிக்கடி இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். விக்னர் சார்பு எதிர்மறை மதிப்பு எடுக்கலாம். அது பிழை அல்ல. நிலை மரபு இயற்பியலுக்குள் அடங்காதது என்பதன் அடையாளம். 1996-இல் சிக்கவைத்த ஓர் அயனியின் இயக்கத்தில் அதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். அடர்த்தி அணியின் ஐகன் மதிப்பு அப்படி அல்ல. அது உண்மையான ஓர் அளவீட்டில் ஒரு விடை கிடைக்கும் நிகழ்தகவு. உண்மை நிலையில் அது ஒருபோதும் எதிர்மறையாக இருக்க முடியாது. உங்கள் மதிப்பீட்டில் இருக்கலாம், நிலையில் இருக்க முடியாது.

சரி, என்ன செய்வது? பெரும்பாலானவர்கள் செய்வது பெருமநேர்வு மதிப்பீடு: இயற்பியல் அனுமதிக்கும் நிலைகளில் எது உங்கள் எண்ணிக்கைகளைத் தந்திருக்க அதிக வாய்ப்பு உடையதோ அதைத் தேர்ந்தெடுப்பது. 1997-இல் ஹ்ரதில் இதை முன்வைத்தார். 2001-இல் ஜேம்ஸ், க்வியட், மன்ரோ, ஒயிட் நால்வரும் ஒளித்துகள் ஜோடிகளுக்கு எழுதிய செய்முறை ஆய்வகங்களில் வழக்கமாகிவிட்டது. இதைவிட எளிய வழியும் உண்டு. ஐகன் மதிப்புகளை வரிசைப்படுத்தி, ஆக எதிர்மறையானதைப் பூஜ்யமாக்கி, அந்தக் குறையை மீதியுள்ளவற்றில் சமமாகக் கழித்து, எதிர்மறை தீரும்வரை இதையே திருப்பிச் செய்வது. இரண்டுமே பார்க்க ஒழுங்கான ஓர் அணியைத் தரும். மென்பொருள் நூலகங்கள் பலவற்றில் இது தானாகவே நடந்துவிடுவதால், எதிர்மறை வந்ததே தெரியாமல் பலர் முடிவை எழுதிவிடுகிறார்கள்.

எனக்கு இதில் வலுவான கருத்து உண்டு. அந்த ஒழுங்கான அணியை மட்டும் வெளியிடுவது தவறு. கோளத்துக்கு வெளியே விழுந்த புள்ளிகளை மட்டும் உள்ளே இழுத்து, உள்ளே விழுந்தவற்றை அப்படியே விட்டால், பலமுறை செய்த சோதனைகளின் சராசரி ஒரு பக்கமாகச் சாயும். இது வெறும் கோட்பாட்டுக் கவலை அல்ல. இப்படிக் கட்டுப்படுத்திய மதிப்பீடுகள் ஃபிடெலிட்டியைக் குறைத்தும் பின்னலின் அளவை மிகுத்தும் காட்டக்கூடும் என்று 2015-இல் வந்த ஓர் ஆய்வு எண்களோடு எடுத்துக்காட்டியது. பின்னலே இல்லாத இடத்தில் பின்னல் இருப்பதாகச் சொல்வதைவிட மோசமான பிழை இந்தத் துறையில் வேறென்ன இருக்கிறது? அப்புறம், பெருமநேர்வு முறை தரும் விடையில் ஐகன் மதிப்புகள் பல சமயம் சரியாகப் பூஜ்யமாக வரும். அதன் பொருள் "இந்த விடை ஒருபோதும் வராது" என்பது. ஆயிரம் முறை அளந்தவர் அப்படி அடித்துச் சொல்ல உரிமை இல்லை. 2010-இல் ப்ளூம்-கோஹவுட் இதே வாதத்தை வைத்து, முன்நம்பிக்கையில் தொடங்கித் தரவால் அதைத் திருத்தும் பேய்ஸ் முறையை ஆதரித்தார். அந்த முறையில் முன்நம்பிக்கை என்று ஒன்றை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும், அதில் கருத்து வேற்றுமை தீரவில்லை. எந்த மதிப்பீட்டு முறை எல்லாச் சூழலிலும் சிறந்தது என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. எந்தத் தவறை நீங்கள் அதிகம் அஞ்சுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. ஆனால் கச்சா எண்ணிக்கைகளையும், கட்டுப்படுத்தாத நேரடி மதிப்பீட்டையும், பிழை எல்லையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

இதுவரை பேசியது புள்ளியியல் ஏற்ற இறக்கம் மட்டும். அது நல்ல எதிரி; எவ்வளவு பெரியது என்று முன்கூட்டியே தெரியும், பத்து மடங்கு குறைக்க நூறு மடங்கு அதிகம் அளந்தால் போதும். மோசமான எதிரி கருவிப் பிழை. எத்தனை முறை அளந்தாலும் அது குறையாது, எச்சரிக்கையும் கொடுக்காது. டோமோகிராபி ஒரு பெரிய ஊகத்தின் மேல் நிற்கிறது: நிலை தெரியாது, ஆனால் அளவீடு துல்லியமாகத் தெரியும். அந்த ஊகம் பொய்த்தால் வரும் அணி அழகாக இருக்கும், தப்பாகவும் இருக்கும். ஒளித்துகள் ஆய்வகத்திலிருந்து ஓர் உதாரணம். தளவிளைவுத் திசையை மாற்ற அரை அலைத் தகட்டைச் சுழற்றுகிறோம். தகட்டை ஒரு பாகை சுழற்றினால் தளவிளைவு இரண்டு பாகை திரும்பும், புவான்காரே கோளத்தில் (தளவிளைவுக்கான ப்ளாக் கோளம்) அது நான்கு பாகை. ஆகவே தகட்டின் பூஜ்யக் குறி அரைப் பாகை தள்ளியிருந்தால் கோளத்தில் இரண்டு பாகைப் பிழை. பூஜ்யமாக வர வேண்டிய சராசரி 0.035 என்று வரும். 1000 முறை அளந்ததன் ஏற்ற இறக்கமும் கிட்டத்தட்ட அதே அளவு. அதாவது ஆயிரத்துக்கு மேல் எவ்வளவு நேரம் அளந்தாலும் தகட்டைச் சரிசெய்யாதவரை பெரிய பயன் இல்லை.

உங்கள் கணினியில் தகடு இல்லை, அதன் இடத்தில் வாசிப்புப் பிழை இருக்கிறது. ஒவ்வொரு கியூபிட்டையும் படிக்கும்போது 2 சதவீதம் 0-உம் 1-உம் இடம் மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கியூபிட்டின் சராசரியும் 0.96-ஆல் சுருங்கும், இரண்டின் சேர்ந்த சராசரி 0.92-ஆல் சுருங்கும். பிசகே இல்லாத பெல் நிலையை அளந்தாலும் ஃபிடெலிட்டி 0.94 என்றுதான் வரும். நிலை கெட்டதா வாசிப்பு கெட்டதா என்று அந்த 0.94 சொல்லாது. வாசிப்புப் பிழையைத் தனியாக அளந்து கழிக்கலாம், ஆனால் அதை அளக்கவும் தெரிந்த நிலை ஒன்றைத் தயாரிக்க வேண்டும், அந்தத் தயாரிப்பில் பிழை இருந்தால் மறுபடி அதே சுழல். தயாரிப்பு, கதவுகள் (கியூபிட்டின் நிலையை மாற்றும் செயல்கள்), வாசிப்பு மூன்றையும் ஒருசேரத் தெரியாதவையாக வைத்து ஒரே கணக்கில் தீர்க்கும் கதவுத் தொகுதி டோமோகிராபி என்ற முறை பிறந்ததே இந்தச் சுழலிலிருந்து வெளியேறத்தான். சோதனைகளின் எண்ணிக்கை பல மடங்கு கூடும் என்பது அதற்குரிய விலை.

செலவே இல்லாத ஒரு சோதனை உங்கள் தரவிலேயே ஒளிந்திருக்கிறது, அதைச் செய்யாமல் யாரும் அடர்த்தி அணிக்குப் போகக் கூடாது என்பேன். இரண்டு கியூபிட் நிலைக்குத் தேவை 15 எண்கள். ஒன்பது அமைப்புகள் தருவது அமைப்புக்கு மூன்று வீதம் 27 எண்கள். உபரி எங்கிருந்து வருகிறது? முதல் கியூபிட்டை இசட்டில் அளந்த அமைப்புகள் மூன்று: இரண்டாவதை எக்ஸில், ஒய்யில், இசட்டில் அளந்தவை. இரண்டாவது கியூபிட்டை எந்தத் திசையில் அளந்தாலும் முதல் கியூபிட்டின் தனிச் சராசரி மாறக் கூடாது, இரண்டும் எவ்வளவு பின்னிக் கிடந்தாலும் சரி. ஆகவே மூன்று சராசரிகளும் பிழை எல்லைக்குள் ஒன்றாக வர வேண்டும். 1000 முறை என்றால் இரண்டு சராசரிகளின் வித்தியாசத்தில் 0.045 அளவு ஏற்ற இறக்கம் இயல்பு. 0.15 வித்தியாசம் வந்தால், ஒரு கியூபிட்டுக்குக் கொடுக்கும் துடிப்பு மற்றதையும் தொடுகிறது, அல்லது அளந்துகொண்டிருக்கும்போதே கருவி நகர்ந்துவிட்டது. ஆறு தனிச் சராசரிகளுக்கும் சேர்த்து இப்படி 18 ஒப்பீடுகள் கிடைக்கும். அவற்றில் ஒன்று கொஞ்சம் எல்லை மீறினால் பயப்பட வேண்டாம், பதினெட்டில் ஒன்று அப்படி வருவது சகஜம். நான்கைந்து மீறினால் அந்தத் தரவிலிருந்து எந்த நிலையையும் கட்டாதீர்கள்.

கருவி நகர்வதைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாப் பிரதிகளும் ஒரே மாதிரி என்பது டோமோகிராபியின் இன்னொரு ஊகம். வரிசையை மாற்றினாலும் எதுவும் மாறாது என்ற பலவீனமான ஊகமே போதும் என்று 2002-இல் கேவ்ஸ், ஃபுக்ஸ், ஷாக் மூவரும் டி ஃபினெட்டி தேற்றத்தின் குவாண்டம் வடிவத்தை வைத்துக் காட்டினார்கள். நடைமுறையில் இதன் பாடம் எளிது: எக்ஸ் எக்ஸை (இரண்டு கியூபிட்டையும் எக்ஸில் அளக்கும் அமைப்பை) 1000 முறை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல், ஒன்பது அமைப்புகளையும் சிறு தொகுதிகளாகக் கலந்து ஓட்டுங்கள்.

கியூபிட் கூடக்கூட என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். ஒவ்வொரு கியூபிட்டும் சேரும்போது அமைப்புகள் மூன்று மடங்கு, அறிய வேண்டிய எண்கள் நான்கு மடங்கு. 2005-இல் இன்ஸ்ப்ரூக்கில் எட்டுக் கால்சியம் அயனிகளின் பின்னல்நிலையை முழுதாக மீட்டெழுதினார்கள். 6,561 அமைப்புகள், தலா 100 முறை, மொத்தம் 6,56,100 சோதனைகள், பத்து மணி நேர அளவீடு. கிடைத்தது 65,535 எண்கள். இருபது கியூபிட்டுக்கு அதே வேலையைச் செய்ய 1.1 லட்சம் கோடி எண்கள் வேண்டும். நிலை கிட்டத்தட்ட தூயது என்று தெரிந்தால் குறைந்த அமைப்புகளே போதும் என்று 2010-இல் க்ராஸ் முதலானோர் காட்டினார்கள். ஆனாலும் ஒவ்வொரு கியூபிட்டுக்கும் வேலை மடங்கு மடங்காகப் பெருகுவது போய்விடவில்லை.

இதனால்தான் இப்போது கேள்வியே மாறிவிட்டது. முழு நிலை எதற்கு? பெரும்பாலும் நமக்கு வேண்டியது சில எண்கள் மட்டும். 2020-இல் ஹுவாங், க்யூங், ப்ரெஸ்கில் மூவரும் தந்த நிழல் முறையில், ஒவ்வொரு பிரதியையும் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்த திசைகளில் அளந்து சேமித்து வைக்கிறோம். என்ன கேட்கப் போகிறோம் என்பதைப் பிறகு முடிவுசெய்யலாம். கேள்விகளின் எண்ணிக்கை கூடினாலும் தேவைப்படும் பிரதிகள் அதன் மடக்கை அளவுக்கே கூடும். ஒவ்வொரு கேள்வியும் சில கியூபிட்களை மட்டும் தொடும்வரை மொத்தக் கியூபிட் எண்ணிக்கை பெரிய தடையாகாது. எல்லாக் கியூபிட்களையும் ஒருசேரத் தொடும் கேள்வி என்றால் இந்த எளிய வடிவம் உதவாது.

அந்தத் தூண் படம் காட்டும் நிலை துகளின் சொந்தக் குணமா, அல்லது தயாரிப்பைப் பற்றிய நம் அறிவா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. 2012-இல் பியூஸி, பாரெட், ருடால்ஃப் மூவரின் தேற்றம் சில ஊகங்களின் கீழ் அதை வெறும் அறிவாகக் கொள்ள முடியாது என்று காட்டியது. அந்த ஊகங்களை ஏற்காதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2011-இல் கனடாவில் ஒளித்துகளின் அலைச்சார்பை மென்மையான அளவீட்டால் நேரடியாக அளந்ததாக வந்த செய்தியையும் நீங்கள் பார்த்திருக்கலாம். அதற்கும் ஏராளமான பிரதிகள் வேண்டும், ஆகவே மேலே சொன்ன தடையை அது தாண்டவில்லை.

உங்கள் வேலைக்கு வருவோம். பெல் நிலை எவ்வளவு நன்றாக வந்திருக்கிறது என்பது மட்டும்தான் தெரிய வேண்டும் என்றால் ஒன்பது அமைப்பும் தேவையில்லை, மூன்று போதும். 00-உம் 11-உம் கூட்டல் குறியோடு சேர்ந்த நிலைக்கு, எக்ஸ் எக்ஸ் சராசரியையும் இசட் இசட் சராசரியையும் கூட்டி, ஒய் ஒய் சராசரியைக் கழித்து, ஒன்றைச் சேர்த்து நான்கால் வகுத்தால் ஃபிடெலிட்டி. இதில் அணியும் இல்லை, எதிர்மறை ஐகன் மதிப்பும் இல்லை, ஒரு பக்கச் சாய்வும் இல்லை. முழு அணிதான் வேண்டும் என்றால், முதலில் அந்த 18 ஒப்பீடுகள். பிறகு நேரடி மதிப்பீட்டை −0.02-உடன் அப்படியே எழுதிவையுங்கள். அதன் பிழை எல்லையைக் காண, அதே நிகழ்தகவுகளிலிருந்து கணினியில் போலித் தரவை ஆயிரம் முறை உருவாக்கி ஒவ்வொன்றிலும் மிகச்சிறிய ஐகன் மதிப்பைப் பாருங்கள். கடைசியாகப் பெருமநேர்வு மதிப்பீட்டைப் போட்டு இரண்டுக்கும் இடையே ஃபிடெலிட்டி எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். பிழை எல்லையைவிட அதிகம் நகர்ந்தால் நேரடி மதிப்பீட்டையே நம்புங்கள். ஐகன் மதிப்பு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, அது ஏற்ற இறக்கமா கருவிப் பிழையா என்று இங்கிருந்தபடி பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்பது அமைப்புகளின் நான்கு நான்கு எண்ணிக்கைகளையும், வாசிப்புப் பிழை எவ்வளவு என்று அந்தக் கணினியின் காலிபரேஷன் பக்கம் சொல்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், ஒப்பீடுகளைப் போட்டுப் பார்த்துவிடலாம்.